சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி, 1892 – 1906: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ பல்கலைக்கழகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வானியலாளர் சந்திரசேகர், நோபல் பரிசு வாங்கிய பொருளாதாரப் பேராசிரியர்கள், அப்புறம் உலகின் முதல் அணு உலை. அந்த அணு உலை ஒரு ஃபுட்பால் மைதானத்தின் கேலரிக்கு அடியில் கட்டப்பட்டது என்று சொன்னால், உடனே வரும் கேள்வி, "படிப்பாளிகள் இருக்கும் இடத்தில் ஃபுட்பால் மைதானம் எதற்கு?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் கேள்விகள் வளர்ந்துகொண்டே போகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த ஃபுட்பால்? நாம் ஆடுவதா?

இல்லை. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். இந்தப் பக்கத்தில் ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அதையே குறிக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன். கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே அமுக்கிவிட்டால் சேஃப்டி. எதிரணிக்கு 2 புள்ளி. கபடியில் பாடி வந்தவரைக் கோட்டுக்குத் திரும்பவிடாமல் அமுக்கும்போது எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு சேஃப்டியின் சுவையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அணி எப்போது தொடங்கியது?

பல்கலைக்கழகம் தொடங்கிய அன்றே. 1892 அக்டோபர் 1ஆம் தேதி காலை முதல் வகுப்புகள் நடந்தன. கட்டட வேலை கூட முடிந்திருக்கவில்லை. அன்றே பயிற்சியாளர் ஸ்டாக், பக்கத்திலிருந்த வாஷிங்டன் பூங்காவில் ஒரு டஜன் சொச்சம் பையன்களைக் கூட்டிப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்.

இது அப்போது புதுமை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற பழைய கல்லூரிகளில் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் மாணவர்கள்தான். காசு சேர்த்தது, கேப்டனைத் தேர்ந்தெடுத்தது, பயணம் போனது எல்லாம் அவர்களே. நிர்வாகம் கண்டும் காணாமலும் இருந்தது. சிகாகோவில் நிர்வாகமே ஆளைத் தேடிப் பிடித்து, சம்பளம் பேசி, அணியைக் கட்டியது. இந்த அணியின் புகழுக்கும் பின்னால் அது பட்ட பாட்டுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அமோஸ் அலான்சோ ஸ்டாக் யார்? பயிற்சியாளருக்கா பேராசிரியர் பதவி கொடுத்தார்கள்?

ஆமாம், இணைப் பேராசிரியர் பதவியேதான். கூடவே உடற்கல்வி, விளையாட்டுத் துறையின் இயக்குநர் பொறுப்பு. ஆண்டுச் சம்பளம் 2,500 டாலர். மற்ற ஊர்களில் பயிற்சியாளர் என்பவர் பருவத்துக்கு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும் காலம் அது. இவருக்கோ நிரந்தர வேலை. பருவம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் கிடையாது. அவர் அங்கே நாற்பது ஆண்டு இருந்தார்.

ஸ்டாக் 1862இல் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். யேலில் படிக்கும்போது பேஸ்பால் பந்து வீச்சில் பெயர் எடுத்தார். 1889இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்க ஃபுட்பால் அணியில் (அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல், களத்தில் இறங்கும் அணி அல்ல) அவர் பெயர் இருந்தது. பாதிரியாராகும் எண்ணத்தோடு இறையியல் படித்தவர், மேடைப் பேச்சு தனக்கு வராது என்று அந்த வழியை விட்டார். பையன்களை நல்ல மனிதர்களாக்க மைதானமும் ஒரு வழிதான் என்று உண்மையாகவே நம்பினார். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஆத்திரம் உச்சிக்குப் போனால் "கழுதை" என்பார், அவ்வளவுதான்.

இன்னொரு தகவல்: ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் இவர் வேலை பார்த்தபோதுதான் அங்கே பேஸ்கட்பால் பிறந்தது. 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் பேஸ்கட்பால் ஆட்டத்தில் ஆசிரியர் அணி 5–1 என்று தோற்றது. அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக்.

பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பருக்கு விளையாட்டில் அவ்வளவு ஆர்வமா?

வில்லியம் ரெயினி ஹார்ப்பர் எபிரேய மொழி அறிஞர். இருபது வயதுக்கு முன்பே யேலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஸ்டாக் அவரிடம் விவிலியம் படித்த மாணவர். ஜான் டி. ராக்ஃபெல்லர் கொடுத்த 6 லட்சம் டாலர் நன்கொடையில் பிறந்தது இந்தப் பல்கலைக்கழகம். பணம் இருந்தது, ஆனால் பெயர் இல்லை. பழைய மாணவர்கள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. சதுப்பு நிலத்தில் சில கட்டடங்கள், அவ்வளவே.

ஹார்ப்பர் கெட்டிக்காரர். ஒரு புதுப் பல்கலைக்கழகத்தின் பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டுமானால், ஆய்வுக் கட்டுரை எடுத்துப் போகும் தூரத்தைவிட ஃபுட்பால் செய்தி எடுத்துப் போகும் தூரம் அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாடு முழுக்கப் போய் எல்லாக் கல்லூரிகளையும் வீழ்த்தும் அணி வேண்டும், அதற்குச் சொகுசு ரயில் பெட்டியே தருகிறேன் என்று ஸ்டாக்கிடம் சொன்னார். அதற்காக அவரை வெறும் விளம்பரப் பிரியர் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே கையால்தான் நாட்டின் தலைசிறந்த ஆய்வாளர்களையும் அழைத்து வந்தார். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது என்று நம்பினார்.

முதல் ஆண்டில் பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடினாராமே?

ஆடினார். ஆள் பற்றாக்குறைதான் காரணம். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்ற கறாரான விதிகள் அன்று இல்லை. முப்பது வயது இணைப் பேராசிரியர், பதினெட்டு வயதுப் பையன்களோடு சேர்ந்து மண்ணில் உருண்டார். தொடக்க ஆட்டங்கள் பெரிய அணிகளோடு அல்ல, உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளோடு. பக்கத்துத் தெருப் பள்ளியான ஹைடு பார்க்தான் முதல் எதிரணிகளில் ஒன்று. கல்லூரி என்று சொல்லத்தக்க முதல் எதிரணி நார்த்வெஸ்டர்ன். 1892 அக்டோபரில் நடந்த அந்த ஆட்டம் 0–0.

மைதானம் எப்படிக் கிடைத்தது?

சிகாகோவின் பெரிய துணிக்கடை முதலாளி மார்ஷல் ஃபீல்டு. பல்கலைக்கழகத்துக்கு 10 ஏக்கர் நிலம் கொடுத்தவர் அவரே. அவருடைய இன்னொரு நிலம், 57ஆவது தெருவை ஒட்டி, எல்லிஸ் அவென்யூ பக்கம் சும்மா கிடந்தது. ஆட அனுமதித்தார். சுற்றிப் பலகை வேலி அடித்தது ஸ்டாக்கும் மாணவர்களும். டிக்கெட் விற்க வேண்டுமானால் வேலி வேண்டும் அல்லவா! ஆளுக்கொரு சுத்தியலோடு அவர்கள் அடித்த அந்த வேலியைச் சுற்றித்தான் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள்.

இடத்துக்கு 'மார்ஷல் ஃபீல்டு' என்றே பெயர். கொடையாளியின் பெயரும் அதுவே, 'ஃபீல்டு' என்றால் மைதானமும் அதுவே. பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. ஸ்டாக்கின் பெயர் சூட்டப்பட்டது இருபது ஆண்டு கழித்து.

'மரூன்ஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முதலில் பல்கலைக்கழகத்தின் நிறம் மஞ்சள். சட்டை சீக்கிரம் அழுக்கானது, துவைத்தால் சாயம் போனது. போதாததற்கு அமெரிக்கப் பேச்சில் மஞ்சள் என்றால் கோழைத்தனம், எதிரணி ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 1894இல் அரக்குச் சிவப்பான மரூனுக்கு மாறினார்கள். அணியின் பெயரும் அதுவே ஆயிற்று.

கலிஃபோர்னியாவுக்கு ஆடப் போனார்களாமே, அந்தக் காலத்தில்?

1894 டிசம்பரில். ரயிலில் ஒரு வழிக்கே 3,500 கிலோமீட்டருக்கு மேல். மத்திய மேற்குக் கல்லூரி அணி ஒன்று பசிபிக் கரை வரை போய் ஆடுவது அன்று யாரும் கேள்விப்படாத விஷயம். கிறிஸ்துமஸ் அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை 24–4 என்று வென்றார்கள். நான்கு நாள் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில் அதே ஸ்டான்ஃபோர்டிடம் தோற்றார்கள்.

வெற்றி தோல்வியைவிட இந்தப் பயணத்தின் பலன் வேறு. பல்கலைக்கழகத்துக்கு வயது இரண்டே ஆண்டு, அதற்குள் அதன் பெயர் இரு கரைப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. ஹார்ப்பர் கேட்டது இதைத்தான்.

7–6 என்றெல்லாம் முடிவு வருகிறதே, அன்றைய புள்ளிக் கணக்கு என்ன?

நல்ல கேள்வி. பழைய ஆட்டங்களின் முடிவுகளை இன்றைய கணக்கோடு படித்தால் ஒன்றும் புரியாது.

நீங்கள் சொல்லும் 7–6, 1896 நன்றியறிதல் நாள் ஆட்டம். சிகாகோ கொலிசியம் என்ற பெரிய கூரைக் கட்டடத்துக்குள், மிச்சிகனுக்கு எதிராக நடந்தது. உள்ளரங்கில் ஃபுட்பாலா என்று அன்றும் வியந்தார்கள். பின்மதியம் வெளிச்சம் மங்கியதும் மின்விளக்கு போட்டு ஆடினார்கள். அன்று டச்டவுனுக்கு 4 புள்ளி, அதன்பின் உதைக்கும் உதைக்கு 2, ஃபீல்டு கோலுக்கு 5, சேஃப்டிக்கு 2. மிச்சிகன் ஒரு டச்டவுன் போட்டு உதையையும் அடித்தது: 6. சிகாகோவுக்கு ஒரு சேஃப்டி, 2. மீதி 5 ஹெர்ஷ்பெர்கரின் காலிலிருந்து வந்தது. பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளி எழும் நொடியில் உதைக்கும் 'டிராப் கிக்'கில் அவர் மன்னன். அதாவது சிகாகோ ஒரு முறைகூட எதிரணிக் கோட்டைத் தாண்டாமலே ஜெயித்தது. இன்றைய கணக்கில் அதே ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இந்த கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர்தான் 1898இல் அகில அமெரிக்க முதல் அணியில் இடம் பிடித்த, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் கல்லூரிகளைச் சேர்ந்த முதல் ஆட்டக்காரர். அதுவரை அந்தப் பட்டியல் கிழக்குக் கல்லூரிகளின் சொத்து.

'பிக் டென்' அமைப்பில் சிகாகோ இருந்ததா?

இருந்தது, நிறுவன உறுப்பினராக. 1896இல் சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்சின் ஆகிய ஏழு பல்கலைக்கழகங்களும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளச் சேர்ந்து தொடங்கிய விளையாட்டுக் கூட்டமைப்புதான் பின்னாளில் பிக் டென் ஆனது. 1899இல் சிகாகோ முதல் முறை பட்டம் வென்றது. மொத்தம் ஏழு பட்டங்கள், ஏழும் ஸ்டாக் காலத்தில்.

மிச்சிகனோடு ஏன் அப்படி ஒரு பகை? 1905 ஆட்டத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

பகையை வளர்த்தது நன்றியறிதல் நாள். ஊரே விடுமுறையில் இருக்கும் நாளில், வான்கோழி விருந்துக்கு முன்னால் இந்த ஆட்டம். 1898இல் சிகாகோ 12–11 என்று ஒரே புள்ளியில் மிச்சிகனிடம் பட்டத்தைக் கோட்டைவிட்டது. அந்த வெற்றிக் களிப்பில் மிச்சிகன் மாணவர் ஒருவர் அமைத்த அணிவகுப்பு இசை இன்றும் அவர்கள் மைதானத்தில் ஒலிக்கிறது. சிகாகோவின் தோல்வியிலிருந்து பிறந்த பாட்டு அது.

1901இல் ஃபீல்டிங் யோஸ்ட் மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்தார். அதன்பின் அந்த அணி தோற்கவே இல்லை. ஐந்து பருவங்களில் 56 ஆட்டங்கள். 55 வெற்றி, ஒன்றே ஒன்று சமன். 1905இல் சிகாகோவுக்கு வரும்போது அந்தப் பருவத்தில் மட்டும் 495 புள்ளி எடுத்திருந்தார்கள். கொடுத்தது பூஜ்யம். சிகாகோவும் சளைத்ததல்ல, அந்தப் பருவம் முழுக்க அது கொடுத்தது 5 புள்ளிதான்.

நவம்பர் 30. குளிர். மார்ஷல் ஃபீல்டில் ஏறக்குறைய 27,000 பேர். முதல் பாதி 0–0. ஆட்டம் முழுக்க இரு பக்கமும் பந்தை நீளமாக உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுவதிலேயே போயிற்று. ஒரு கட்டத்தில் சிகாகோவின் வால்டர் எக்கர்சால் தன் எல்லைக்கோட்டுக்கு அருகே மாட்டிக்கொண்டார். எல்லோரும் அவர் உதைப்பார் என்று பார்த்திருக்க, உதைப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பந்தோடு ஓடித் தப்பினார்.

இரண்டாம் பாதியில் அதே எக்கர்சால் உதைத்த நீளமான உதை ஒன்று, மிச்சிகன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. மிச்சிகன் வீரர் அதைக் கோட்டுக்குப் பின்னால் கையில் எடுத்தார். எதிரணி உதைத்து வந்த பந்து என்பதால், அங்கேயே அதை அமுக்கி வைத்திருந்தால் ஒரு கெடுதலும் இல்லை, சேஃப்டி ஆகாது. வெளியே ஓடிவிடலாம் என்று நினைத்தார். கோட்டைத் தாண்டும் தருவாயில் சிகாகோவின் கேட்லினும் பேடனாக்கும் மோதினார்கள். ஆளையே பின்னால் தூக்கித் தள்ளிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாய்த்தார்கள். சேஃப்டி. 2–0. அத்துடன் ஆட்டமும், மிச்சிகன் தோற்காமல் வந்த தொடரும் முடிந்தன.

மறுநாள் பத்திரிகைகள் தோல்வி முழுவதையும் அந்த ஒரு இளைஞர் தலையில் கட்டின. வாழ்நாள் முழுக்க அவர் அதைச் சுமந்தார். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வெற்றியைவிட இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 56 ஆட்டங்களில் யாருமே செய்யாத தவறு ஒன்றும் அவர் செய்துவிடவில்லை. தைரியமாக ஓடப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஹார்ப்பர் அந்த வெற்றியைப் பார்த்தாரா?

அவர் அப்போது புற்றுநோயில் படுத்த படுக்கை. 1906 ஜனவரி 10ஆம் தேதி காலமானார், வயது 49. அவர் கேட்ட வெற்றி, அவர் இருக்கும்போதே கிடைத்துவிட்டது.

எக்கர்சால் படித்துப் பட்டம் வாங்கினாரா?

இல்லை. ஹைடு பார்க் பள்ளியிலிருந்து வந்த பையன். நூறு கஜ ஓட்டத்தில் கெட்டிக்காரர், ஒல்லியான உடம்பு, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்துபவர்) என்று பலர் சொன்னார்கள். 1904 முதல் மூன்று ஆண்டும் அகில அமெரிக்க அணியில் இருந்தார். வகுப்பில் சேர வேண்டிய மதிப்பெண்களோ சேரவில்லை. ஆட முடிகிற வரை ஆடினார், பிறகு பட்டம் இல்லாமலே வெளியேறினார். பின்னர் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் விளையாட்டு எழுத்தாளராகவும், ஃபுட்பால் நடுவராகவும் நல்ல பெயர் எடுத்தார்.

இதை அவருடைய குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. 27,000 பேர் டிக்கெட் வாங்கி வந்தது அவர் காலைப் பார்க்க. அந்த வருமானம் யாருக்குப் போயிற்றோ, அந்தப் பொறுப்பும் அவர்களுக்கே சேரும்.

அந்தக் காலத்தில் ஆட்டத்தில் ஆட்கள் இறந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1905 பருவத்தில் மட்டும் நாடெங்கும் குறைந்தது 18 பேர் இறந்ததாகக் கணக்கு வந்தது. பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை. 5 கஜம் முன்னேற மூன்று வாய்ப்பு என்பதால், எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து, கைகோத்து, ஆளை ஆள் இழுத்துத் தள்ளும் ஆட்டமாக இருந்தது. குவியலுக்கு அடியில் என்ன நடந்தது என்று நடுவருக்கே தெரியாது.

குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். சிகாகோவிலேயே இறையியல் பேராசிரியர் ஷேலர் மேத்யூஸ், இது பையன்களைக் கொல்கிறது, படிப்பைச் சீரழிக்கிறது, காசு பண்ணுகிறது என்று கடுமையாக எழுதினார். ஸ்டாக் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான் அந்தக் குரல் எழுந்தது.

விளைவாக 1906இல் விதிகள் மாறின. 10 கஜத்துக்கு மூன்று வாய்ப்பு என்றாயிற்று. பந்தை முன்னோக்கி எறிவது முதல் முறையாக அனுமதிக்கப்பட்டது. மேற்குக் கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பருவத்துக்கு 5 ஆட்டம்தான், ஒருவர் மூன்று ஆண்டுதான் ஆடலாம், முதலாண்டு மாணவர் ஆடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டன. மிச்சிகன் இதற்கு ஒத்துக்கொள்ளாமல் அமைப்பைவிட்டே வெளியேறியது. அதனால் 1905க்குப் பிறகு இரு அணிகளும் பல ஆண்டு மோதவே இல்லை.

புது விதியை முதலில் நன்றாகப் பிடித்துக்கொண்டவர்களில் ஸ்டாக் ஒருவர். எறியும் பந்தை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று காகிதத்தில் வரைந்து தள்ளினார். 1906இல் இல்லினாயை 63–0 என்று துவைத்தார்கள். ஆனால் அதே பருவத்தில் மினசோட்டாவிடம் 4–2 என்று தோற்றார்கள். ஆமாம், அது ஃபுட்பால் முடிவுதான். 1896இல் 5 புள்ளியாக இருந்த ஃபீல்டு கோலுக்கு இப்போது 4.

ஸ்டாக் கண்டுபிடித்தவை என்று ஒரு பட்டியல் சொல்கிறார்களே?

இடித்துப் பழகும் பொம்மை, ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடித் திட்டம் பேசுவது, பந்து கிளம்புமுன் ஒருவரைப் பக்கவாட்டில் ஓடவிடுவது, சட்டையில் எண் என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் அவர் ஒருவரே முதலில் செய்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே காலத்தில் பல ஊர்களில் பலர் யோசித்த விஷயங்கள் அவை. பழைய மெத்தையைச் சுருட்டித் தொங்கவிட்டு யேலில் அவர் பையன்களை மோதவிட்டது மட்டும் நன்றாகவே பதிவான கதை.

பிறகு இந்த அணி என்ன ஆயிற்று?

சுருக்கமாகச் சொல்கிறேன், அது இன்னொரு நீண்ட கதை. 1924க்குப் பிறகு பட்டம் இல்லை. எழுபது வயதானதும் 1932இல் ஸ்டாக்கை ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் ஓய்வெடுக்காமல் கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பயிற்சியைத் தொடர்ந்தார், 102 வயது வரை வாழ்ந்தார். 1935இல் சிகாகோவின் ஜே பெர்வாங்கர், சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்கான, பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று அறியப்பட்ட விருதை முதன்முதலாகப் பெற்றார். 1939இல் மிச்சிகன் 85–0 என்று வென்றது. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமே அணியைக் கலைத்துவிட்டது. 1969இல் சிறிய அளவில் மறுபடி தொடங்கி, இன்றும் ஆடுகிறார்கள்.

அந்த மைதானம் இப்போது இருக்கிறதா?

இல்லை. அணி கலைந்தபின் மேற்குக் கேலரிக்கு அடியில் பந்தடிக் கூடம் ஒன்று காலியாக இருந்தது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மி குழு அதில்தான் முதல் அணு உலையை இயக்கியது. அந்த இடத்தில் இப்போது ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் நிற்கிறது. கேலரிகளை இடித்துவிட்டார்கள்.

மைதானம் இருந்த நிலத்தில் 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் திறக்கப்பட்டது. தெற்காசிய மொழி நூல்களுக்குப் பெயர்பெற்ற நூலகம், தமிழுக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜன் கற்பித்த பல்கலைக்கழகம் இது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களை வாங்கி, அவை சென்னையிலேயே நூலகமாக நிலைக்க வழிசெய்ததும் இதே பல்கலைக்கழகம். 57ஆவது தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறச் சுவர்களோடு நூலகம் நீண்டு கிடக்கும். ஸ்டாக்கின் பையன்கள் வேலி அடித்த நிலம் அதற்கு அடியில்தான் இருக்கிறது.